எளிய சுருக்கத்தின் நாலாவது வரி

அந்த அலுவலகத்தில் அவருக்கு 'வாசகர்' என்று பேர். பெரிய படிப்பாளி என்று நினைத்துவிட வேண்டாம். காகிதக் கட்டு சுமக்கிற ஆள். கீழே லாரி வந்து நின்றால் கட்டுகளை இறக்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும். மேலே கேட்டால் மூன்றாவது மாடிக்குத் தோளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, அது ஆட்களுக்கு. அவர் எழுத்துக் கற்றுக்கொண்டதே நாற்பத்தாறு வயதில், லாரி வராத ஒரு மழைக்காலத்தில், சங்கத்துக் கொட்டகையில். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டும். மூட்டை தூக்குவது இதற்குத் தேவலை என்பார்.

மூன்றாவது மாடியில் நடப்பது என்ன வேலையென்று ரொம்ப நாள் அவருக்குத் தெரியாது. அங்கே பயிற்சி நடத்துகிற மேடம்தான் ஒருநாள் விளக்கிச் சொன்னார். ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று உலகத்தில் பல பேர் பல இடத்தில் சோதித்து எழுதுகிறார்கள். ஒருவர் ஆகா என்பார், இன்னொருவர் தண்டம் என்பார். அத்தனையையும் தேடிப் பிடித்து, ஒழுங்காகச் செய்தது எது, ஒப்பேற்றியது எது என்று சலித்து, மிச்சத்தைச் சேர்த்து எடை போட்டு முடிவு சொல்வதற்குப் பேர் மீளாய்வு. அதைச் செய்கிற மீளாய்வாளர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் எழுதுவதும், மாதம் ஒரு செய்திமடல் அனுப்புவதும், அவ்வப்போது கூட்டி உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பதும்தான் மாடியின் வேலை.

மீளாய்வு இருநூறு பக்கம் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு பக்கம் பொதுமக்களுக்கு. அதற்கு எளிய சுருக்கம் என்று பேர். யார் படித்தாலும் புரிய வேண்டும். புரிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? மாடியில் இருந்த எல்லோரும் படித்துத் தொலைத்தவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் இவர் கட்டை இறக்கிவைத்துவிட்டு, அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றார். மேடம் பார்த்துவிட்டார். தொலைந்த சாவி கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது.

"நீங்க எத்தனாங் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"கிளாஸா? கிளாசுக்குப் பெஞ்சு இறக்கியிருக்கேன் மேடம்."

அன்றிலிருந்து அவர் வாசகர். வாரம் ஒருநாள் அழுக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு மேலே போவார். ஒரு தாளைக் கொடுப்பார்கள். சத்தமாக வாசிக்க வேண்டும். மேடம் கைப்பேசியில் விநாடி எண்ணுவார். எந்த வரியில் மூன்று விநாடிக்கு மேல் நின்றாரோ அந்த வரிக்குச் சிவப்புக் கோடு. அதை எழுதியவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் இரண்டாவது பாடம் இதுதான்: வாசகர் தடுக்கினால் குற்றம் வாசகருடையது அல்ல, வரியுடையது.

இந்த வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதுவரைக்கும் அவர் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் திட்டு வாங்கியது அவர்தான்.

ஒரே ஒரு சிக்கல். வாசித்து வாசித்து அவருக்கு வாசிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் தாளைக் கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. மேடத்துக்கு முகம் சுருங்கியது.

"ரொம்பத் தேறிட்டீங்களே வாசகரே! வெளியூர்லேர்ந்து ஆள் வரும்போது நீங்க தடுக்கினாத்தானே நான் பாடம் நடத்த முடியும்? நீங்க பாட்டுக்கு விறுவிறுன்னு போனா நான் எதைக் காட்டுறது?"

"வேற ஆள் பாத்துக்கிறீங்களா மேடம்?"

"வேற ஆளுக்கு நான் எங்க போறது? நான் பென்சில்ல புள்ளி வைக்கிறேன். அந்த இடத்துல மட்டும் நில்லுங்க. நின்னுட்டு லேசா எச்சில் முழுங்குங்க. போதும்."

அப்படியே செய்தார். புள்ளி கண்ட இடத்தில் நின்றார், எச்சில் விழுங்கினார், நெற்றியைச் சுருக்கினார். வந்தவர்கள் "அடடா, அடடா" என்று குறிப்பெழுதிக்கொண்டார்கள். கேட்டில் நிற்கிற காவலாளிக்கு விஷயம் தெரியும். "என்ன வாசகரே, இன்னைக்கு எத்தனை திக்கு?" என்று விசாரிப்பான். "மூணு திக்கு, ரெண்டு முழுங்கு" என்று இவர் பதில் சொல்வார். கிடங்கு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

வீட்டில்தான் சிரிப்பு இல்லை. அவர் பெண்சாதிக்குக் குடலில் கட்டி. ஈரலுக்கும் ஏறிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பாட்டில் தொங்கவிட்டு மருந்து ஏற்றினார்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை என்று கணக்கு. ஆறு முடிந்திருந்தது. வாயெல்லாம் புண். பச்சைத் தண்ணீர்கூட எரிந்தது. முடி கொட்டி, நகம் கறுத்து, ஆளே பாதியாகிவிட்டாள். அவளுக்கு இரண்டாவது தடவையிலேயே போதும் போதுமென்று ஆகிவிட்டது. இவர்தான் விடவில்லை. கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். ஐந்தாவது தடவை அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துத் தூக்கிக்கொண்டு போனார். மூட்டை தூக்கின கை. அவள் ஒரு காகிதக் கட்டு கனம்கூட இல்லை. பிரித்தபோது ஒரு நகம் அவர் கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றி, போய்ச் சேர்ந்தார்.

ஆறாவது முடிந்து வந்த மறுவாரம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"இனிமே நான் வரல."

"வரலன்னா?"

"வரலன்னா வரல. உங்க தோள்ல ஏத்திட்டுப் போனா வழியிலேயே கடிச்சு வெச்சுருவேன்."

"உன்னைச் சாக விட்டுட்டு நான் யாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்ற?"

"சாகப்போறது நான். நீங்க என்னமோ உங்க சட்டையைக் கிழிச்ச மாதிரிக் கத்துறீங்க."

 அவர், தோற்றுப்போகிறவன் கடைசியாக எடுத்து வைக்கிற காயாக, அலுவலகத்து விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பாட்டில் மேல் ஒட்டியிருந்த மருந்தின் பேரை அவர் எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருந்தார். அதே பேர் போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை ஆறு மாதத்துக்கு முன்னால் மூன்றாவது மாடிக்குச் சுமந்திருந்தார். அந்த மருந்தைத்தான் இப்போது சலிக்கிறார்கள். முடிவு வரப்போகிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அச்சில் வந்ததென்றால் அவளுக்கு ஒரு மரியாதை.

"ஆஸ்பத்திரிக்காரன் போடுன்னுதான் சொல்வான், அவன் பொழப்பு அது. உங்க ஆபீஸ்காரங்க எப்படி?"

"அவங்களுக்கு மருந்து விக்கிற வேலை கிடையாது. உள்ளதைச் சொல்றதுதான் வேலை."

"அப்ப அவங்க சொல்லட்டும். பிரயோசனம் இல்லன்னு எழுதினா அதோட விட்டுரணும், நீங்க வாயைத் திறக்கக் கூடாது. பிரயோசனம் உண்டுன்னு எழுதினா நானே முன்னால நடந்து வர்றேன். சரிதானா?"

"சரி."

"நடுவுல மாத்திப் பேசப்படாது."

"பேசல."

ஏழாவது தடவைக்குக் குறித்திருந்த நாளில் அவள் போகவில்லை. மருந்து நின்றது. பத்து நாளில் வாய்ப்புண் ஆறியது. பால் குடித்தாள். பாலில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு வாசலில் நின்று, அந்த வீட்டு மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் வம்பளந்தாள். இவர் வேலை முடிந்து வந்தபோது தலையில் புதிதாக அரும்பியிருந்த முடியைத் தடவிக் காட்டி, "சீப்பு வாங்கிட்டு வாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் கூடியது. மருந்தில்லாத ஒவ்வொரு நாளும் கட்டி உள்ளே வளர்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பயிற்சி நாள் வந்தது. நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு மீளாய்வாளர்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், ஆளுக்கொரு குறிப்பேடு. மேசையின் தலைப்பக்கம் ஒரு டாக்டரம்மா, அன்றைக்குச் சோதிக்கப்போகிற மீளாய்வை எழுதியவர். ஓரத்தில் எண்ணுக்காரர் உட்கார்ந்திருந்தார். சோதனைகளின் எண்களையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவருக்கு அங்கே அந்தப் பேர். இவரை நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"இவர்தான் நம்ம பொதுவாசகர்" என்றார் மேடம். "கவனிங்க, இவர் எங்க நிக்கிறார்ங்கிறதை மட்டும் பாருங்க. என்ன சொல்றார்ங்கிறது முக்கியமில்ல."

தாள் கைக்கு வந்தது. தலைப்பில் அந்த மருந்தின் பேர்.

 முதல் வரியில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது, நின்றார், விழுங்கினார். இரண்டாவது வரி, பதினோரு சோதனைகள், நாலாயிரம் நோயாளிகள். மூன்றாவது வரி, குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய கட்டி உள்ளவர்கள். நாலாவது வரியில் புள்ளி எதுவும் இல்லை.

'இந்த மருந்து அவர்களுடைய ஆயுளைக் கூட்டவில்லை.'

வாய்விட்டு "இந்த மருந்து" என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. கண் வரியின் கடைசிவரை ஓடி, அடுத்த வரியையும் பார்த்துவிட்டது. 'மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் துன்பப்பட்டார்கள்.' ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. அவர் வாழ்நாளில் எந்த வரியையும் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

அறையில் பேனாக்கள் ஓடுகிற சத்தம். மேடம் விரலைத் தூக்கிக் காட்டினார்: பாருங்கள், பாருங்கள்.

"தண்ணி குடுக்கலாமா?" என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

"நடுவுல எதுவும் குடுக்கக் கூடாது. அளவு கெட்டுப்போகும்."

அவர் ஒருவழியாக வரியை முடித்தார்.  மேடம் கைப்பேசியை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார்.

"பதினேழு செகண்ட்! நான் இத்தனை வருஷத்துல இப்படிப் பார்த்ததில்ல."

மேசை கலகலத்தது. 'ஆயுள்' என்கிற சொல்தான் மாட்டுகிறது என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, வரி ரொம்ப இறுக்கம், மூச்சுவிட இடமில்லை என்றார் மேடம். இந்த மாதிரி ஆட்களுக்கு ஆறு சொல்லுக்கு மேல் தாங்காது என்றார் மூன்றாமவர். ஐந்தே சொல்தான் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து ஒருவர் சிரித்தார். எல்லோரும் அவரைச் சுற்றிப் பேசினார்கள், பழுதான மோட்டாரைச் சுற்றி நின்று பேசுகிற மாதிரி.

அவர் வாயைத் திறந்தார். "மேடம், அந்த வரி எனக்குப் புரிஞ்சுது."

மேடம் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? இதைத்தான் மூணாவது பாடத்துல எழுதியிருக்கோம். புரியலன்னு ஒத்துக்க அவங்களுக்குக் கூச்சம். மரியாதைக்குப் புரிஞ்சுதுன்னு சொல்வாங்க. நாம நம்ப வேண்டியது கடிகாரத்தை." எல்லோரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா பலகையில் புது வரி எழுதினார். 'இந்த மருந்தால் எவ்வளவு பலன் என்று உறுதியாகச் சொல்வது கடினம். சிலருக்கு இது உதவக்கூடும்.' துன்பத்தைச் சொன்ன வரிக்குப் பதிலாக, 'பக்க விளைவுகள் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்' என்று போட்டார்.

எண்ணுக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "மேடம், அர்த்தமே மாறுது. பதினோரு சோதனையும் ஒரே மாதிரி சொல்லுது. இதுல கடினம்னு சொல்ல என்ன இருக்கு?"

"எண்ணெல்லாம் முழு அறிக்கையில அப்படியே இருக்கும் சார். இது பொதுமக்களுக்கு" என்றார் மேடம்.

"பொதுமக்கள் இதை மட்டும்தானே படிப்பாங்க?"

"அதனாலதான் இது தடுக்கக் கூடாது."

சிரிப்பு எழுந்தது. எண்ணுக்காரர் காது சிவந்து மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். மேடம் பலகையைக் காட்டி, "வாசகரே, இதை வாசிங்க" என்றார்.

வாசித்தார். ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிற மாதிரி இறங்கியது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. 'சிலருக்கு இது உதவக்கூடும்.' அந்தச் சிலரில் ஒருத்தியாக அவள் இருக்கக் கூடாதா?  மேசையைச் சுற்றிக் கைதட்டினார்கள். டாக்டரம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ படம் எடுத்தார்கள்.

மாடிப்படியில் எண்ணுக்காரர் அவரைப் பிடித்தார். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பழைய வரி உங்களுக்குப் புரிஞ்சுதுதானே? நீங்க வாசிக்கிறதை நான் ரெண்டு வருஷமா கேக்குறேன். நீங்க அந்த வரிக்கெல்லாம் நிக்கிற ஆள் இல்ல."

இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் மேல போய்ச் சண்டை போடுவேன். மடல் அச்சுக்குப் போக இன்னும் நாலு நாள் இருக்கு. இது வெறும் வரி இல்லண்ணே. எத்தனையோ பேர் கடைசி மாசத்தை இந்தப் பாட்டிலுக்கு அடியில படுத்துக் கழிக்கிறாங்க. சொல்லுங்க."

சொல்லத்தான் நினைத்தார். நடித்ததைச் சொல்வதுகூடப் பெரிய காரியமில்லை. வாசகர் வேலை போனால் போகிறது, தோள் இருக்கிறது. ஆனால் அந்த வரி அச்சில் வந்தால் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து அதை வாசிக்க வேண்டியது அவர்தான். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டு போனது அவர். அத்தனையும் சும்மா என்று அவர் வாயாலேயே சொல்லி, அதற்கு அப்புறம் அவள் அவரைப் பார்க்கப்போகிற பார்வையைத் தாங்க வேண்டும்.

"இல்ல சார்" என்றார். "கஷ்டமாத்தான் இருந்துச்சு. புது வரிதான் நல்லா இருக்கு."

எண்ணுக்காரர் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் செய்திமடல் வந்தது. கட்டை அவர்தான் இறக்கினார். முதல் பக்கத்திலேயே, 'ஒரு பொதுவாசகர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது' என்று தலைப்பு. டாக்டரம்மா கை குலுக்க, அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். கீழே பெட்டி கட்டி மருந்தின் எளிய சுருக்கம். ஒரு பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கிடங்கில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஐந்தாறு தடவை வாசித்தார். வாசிக்க வாசிக்க, தான் முதலில் பார்த்த வரிதான் எங்கோ தப்பாக அச்சானது என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது.

வீட்டில் அவள் படத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயையே, உங்க மூஞ்சி! அச்சுல போட்டிருக்கானே!" தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் அவர் முகத்தைத் தடவினாள். "சட்டைப் பித்தானைப் போடக் கூடாது? பக்கத்துல யாரு, பெரிய டாக்டரா?"

"ஆமா. அவங்கதான் எழுதினது."

"அவங்க வந்து உங்க கையைப் பிடிச்சாங்களா?"

"ம்."

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் விளையாட்டு போய்விட்டிருந்தது. "சரி, வாசிங்க. நம்ம விஷயம் என்ன போட்டிருக்கு?"

வாசித்தார். கடைசி வரிவரைக்கும் வாசித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 

"உதவக்கூடும்னுதானே போட்டிருக்கு?"

"சிலருக்கு உதவக்கூடும்னு."

"வேற ஒண்ணும் போடலையா? ஆகாது, கெடுதல், அந்த மாதிரி?"

"இல்ல."

"என் தலைமேல அடிச்சுச் சொல்லுங்க."

"தாள்ல அப்படி ஒண்ணும் இல்ல" என்றார். அது பொய் இல்லை.

அவள் பெருமூச்சு விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான்தான் உங்களைப் போட்டு வறுத்தெடுத்துட்டேன். போகட்டும். நாளைக்கே போயிருவோம்" என்றாள்.

சொன்னபடி மறுநாள் காலையில் அவளே முன்னால் நடந்தாள். ஆட்டோவில் ஏறும்போது அவர் கை கொடுத்தார். வேண்டாம் என்று தட்டிவிட்டாள். வார்டில் நர்ஸ், "அடேயப்பா, பாட்டுப் பாடிக்கிட்டு வந்த மாதிரி வர்றீங்களே" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே நோய், அதே பாட்டில். இனி முடியாது, வீட்டுக்குப் போகிறேன், என் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கிற வேலை பாதியில் கிடக்கிறது என்று நர்சிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற? உக்காரு" என்றாள் இவர் பெண்சாதி. "நானும் உன்னை மாதிரிதான் கிளம்பிப் போனேன். ஒரு மாசம் வீணாப் போச்சு. இங்க பாரு, படத்தோட வந்திருக்கு, இவரோட ஆபீசு. ஏங்க, அந்தம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

அவர் வாசித்துக் காட்டினார். தையல்காரம்மா தாளில் இருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். செருப்பு ஒரு காலில் இருந்தது. அதைக் கழற்றினாள். காலை மடக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் இவர் பெண்சாதியின் இடது கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு எழும்பவில்லை. மூன்று இடத்தில் குத்தினாள், மூன்றும் வீணாயிற்று. ரத்தம் மட்டும் பொட்டுப் பொட்டாக வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

"இதுல பாரும்மா. பயப்படாம குத்து, நல்லதுக்குத்தானே."

"அண்ணே" என்றாள் தையல்காரம்மா, "உதவும்னு ஏதோ சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். அதற்குள் நர்சுக்கு நரம்பு கிடைத்துவிட்டது.